வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதற்குப் பண மதிப்பு போடுவது சரியா?

பாசத்துக்கு விலை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாசத்துக்கு வேண்டாம், அதற்குப் போகிற நேரத்துக்குப் போட்டே ஆகவேண்டும்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டுப் பதினான்கு மாதம் நான்தான் கூட இருந்தேன். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, மருந்து, துணி, ராத்திரியில் மூச்சு சீராக வருகிறதா என்று பாதி விழிப்பிலேயே தூங்குவது. யாராவது இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "வீட்டில் சும்மாதான் இருக்கேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன், அது இன்றும் உறுத்துகிறது. அப்புறம் என் முதுகு போய்விட்டதால் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்தோம். அதே வேலை, அதே கட்டில். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் ஜிடிபி விதிப்படி அவர் செய்தது நாட்டின் உற்பத்தி, நான் செய்தது ஒன்றுமே இல்லை.

பொருளாதார அறிஞர் பிகூ இதை நூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்: வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் பெண்ணையே ஒருவர் திருமணம் செய்துகொண்டால், அந்தச் சம்பளம் நின்றுபோவதால் தேசிய வருமானம் குறைந்துவிடும்.

அளவு எவ்வளவு என்றால், மக்கள் நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று 64 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-ல் சொன்னது, சம்பளமில்லாத பராமரிப்பு வேலை ஒரு நாளைக்கு 1,640 கோடி மணிநேரம். 200 கோடி பேர் தினம் 8 மணிநேரம் கூலியில்லாமல் உழைப்பதற்குச் சமம். குறைந்தபட்சக் கூலி போட்டாலே உலக ஜிடிபியில் 9 சதவீதம் வருகிறது. அந்த நேரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்களுடையது.

மதிப்பிட இரண்டு வழி உண்டு. இதற்காக விட்ட சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பது ஒன்று. இதில் வக்கீல் குழந்தையைக் குளிப்பாட்டினால் அதிக மதிப்பு, படிக்காதவர் குளிப்பாட்டினால் குறைவு, எனக்கு இது ஒப்பவில்லை. ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது இன்னொன்று. சரி, ஆனால் அந்த ஆளின் சம்பளமே ஏன் இவ்வளவு குறைவு? வீட்டில் ஒரு பெண் இதைச் சும்மா செய்துவிடுவார் என்று எல்லோரும் நினைப்பதால்தான். வீட்டில் செய்வதன் மதிப்பு பூஜ்யமாக இருக்கிறவரை அந்த ஆளின் சம்பளமும் உயராது.

எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை. அவர் என் அம்மாவோடு இருந்த நேரமெல்லாம் அந்தக் குழந்தையை அவருடைய அக்கா பார்த்துக்கொண்டார். அக்காவுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நாங்கள் கொடுத்த சம்பளம் அவருக்குக் கட்டுப்படியானதே அதனால்தான், அன்றைக்கு அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.