பனித்தரையில் கற்களைச் சறுக்கவிட்டு வட்டத்தின் நடுவுக்கு அருகே நிறுத்தும் கர்லிங் விளையாட்டில், ஜெனிஃபர் ஜோன்ஸின் 2005 கடைசிக் கல்லை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அது அவர் வென்ற ஆறு கனடிய மகளிர் பட்டங்களில் முதலாவது. வினிபெக்கைச் சேர்ந்த ஜோன்ஸ், தொழிலில் வழக்கறிஞர். அணித்தலைவரான 'ஸ்கிப்' ஆக இருந்ததால் கடைசி இரண்டு கற்கள் அவர் கையில்தான் இருந்தன.

ஒன்ராறியோவின் ஜென் ஹானாவுக்கு எதிரான இறுதிப்போட்டி. பத்தாவதான கடைசிச் சுற்று, 4-6 எனப் பின்தங்கியிருக்கிறார், மிச்சம் ஒரே கல். வட்டத்துக்கு வெளியே ஓரமாகக் கிடந்த எதிரணிக் கல்லின் விளிம்பில் அதை மோதவிட்டார். அது பக்கவாட்டில் திரும்பி நடுவே போய், ஹானாவின் கல்லைத் தள்ளியது. எதிரணிக் கற்களைவிட நடுவுக்கு அருகே நின்ற அவர் அணிக் கற்களுக்கு நான்கு புள்ளி, 8-6.

கல் கிட்டத்தட்ட 20 கிலோ. முதல் மோதல் கொஞ்சம் தடிமனாகப் பட்டால் கல் அதிகமாகத் திரும்பி வேகத்தையும் இழந்துவிடும். மெலிதாக உரசினால் திரும்பாமல் நேரே ஓடிவிடும். கையை விட்ட பிறகு துடைப்பவர்கள் பனியைத் தேய்த்து கல்லின் பாதை வளைவதைக் குறைக்கலாம், கூட்டுவது கடினம். ஆகவே சற்று வெளிப்பக்கமாக விட்டால் மீட்பது கடினம்.

என்னைக் கேட்டால், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 11 ஆட்டங்களிலும் தோற்காமல் தங்கம் வென்றதுதான் பெரிய சாதனை. ஆனால் ஜனங்களுக்கு அந்த ஒரு கல்தான் நினைவிருக்கிறது.