எல்லாம் கூகுள்ல இருக்கும்போது பிள்ளைங்க ஆறு, அணை, தலைநகரம்னு ஏன் மனப்பாடம் பண்ணணும்?

கேட்டிருக்கறவர் அனேகமா ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பிள்ளையோட அப்பா இல்ல அம்மாவா இருக்கணும், ராத்திரி உக்காந்து சோஷியல் டெஸ்டுக்கு ஒப்பிக்க வெச்சு வெறுத்துப் போய் கேட்டிருக்கீங்க. புரியுது. நான் சென்னைல, வேளச்சேரில வீட்லயே டியூஷன் எடுக்கறேன், "அதான் ஃபோன்ல இருக்கே மிஸ், எதுக்கு பிள்ளைய போட்டு படுத்தறீங்க"னு யாராவது ஒரு பேரண்ட் கேட்டுட்டே தான் இருக்காங்க, அதனால இத பார்த்துட்டு சும்மா போக மனசு வரல.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் இல்ல. எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு, சென்னைக்கு குடிதண்ணி தர்ற பூண்டி ஏரிய திறந்துட்டாங்க, நடுராத்திரிக்குள்ள வேளச்சேரி முழுகிடும், உடனே கிளம்புங்கனு. கொஞ்ச நேரத்துல டவரும் போயிடுச்சு, சரிதானானு தேடிப் பார்க்க வழியே இல்ல. கீழ் வீட்ல நடக்க முடியாத ஒரு பாட்டி இருக்காங்க, அவங்க மகன் கார் சாவிய எடுத்துட்டாரு, வெளிய இருட்டு, தெருல முழங்கால் தண்ணி. அப்ப படிக்கட்டுல நின்னுட்டிருந்த பொண்ணு, என்கிட்ட படிக்கறவ, ஒன்பதாவது, "அங்கிள், பூண்டி கொசஸ்தலை ஆத்துல இருக்கு, அந்த தண்ணி வடக்கே எண்ணூர் போய் தான் கடல்ல சேரும். செம்பரம்பாக்கம் ஏரிய திறந்தா கூட அடையார் ஆத்துல தான் போகும். இங்க ஏர்றது நம்ம ஏரியா மழைத்தண்ணி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பக்கம் வடியாம நிக்குது"னு சொன்னா. அவர் சாவிய பாக்கெட்ல போட்டுட்டாரு. பாட்டிய சேரோட தூக்கி ரெண்டாவது மாடில கொண்டு போய் வெச்சாங்க. கீழ் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, இல்லனு சொல்லல, ஆனா அந்த நேரத்துல வயசானவங்கள வெச்சுகிட்டு ரோட்ல மாட்டியிருந்தா நினைச்சே பார்க்க முடியல.

பூண்டிலேர்ந்து செம்பரம்பாக்கத்துக்கு கால்வாய் இருக்கேனு கமெண்ட்ல யாராவது வருவீங்க. இருக்கு, அது குடிதண்ணி கொண்டு போற லிங்க் கால்வாய். வெள்ளம் வந்தா உபரிய ஷட்டர் வழியா கொசஸ்தலைல தான் விடுவாங்க.

எனக்கு இதுல முக்கியமா படறது என்னனா, ஃபோன் வேலை செஞ்சிருந்தா கூட அங்க இருந்த பெரியவங்க யாருக்கும் தேடணும்னே தோணியிருக்காது. பூண்டி எந்த பக்கம் இருக்குனு தெரிஞ்சவளுக்கு தான் இது தப்பா இருக்கேனு சந்தேகமே வந்துச்சு. ஒண்ணுமே தெரியாம கூகுள்ல என்னத்த போய் கேப்பீங்க? ஏஐ கிட்ட கேட்டாலும் அது சொல்றது சரியானு பார்க்க நமக்குள்ள கொஞ்சமாவது சரக்கு வேணும்.

ஆராய்ச்சி இருக்கானு கேக்கறவங்களுக்கு, 1988ல அமெரிக்கால ரெக்ட், லெஸ்லினு ரெண்டு பேர் ஏழாவது எட்டாவது பசங்களுக்கு ஒரு பேஸ்பால் மேட்ச் பத்தின பாராவ படிக்க குடுத்தாங்க. வாசிப்புல வீக்கா இருந்தும் பேஸ்பால் தெரிஞ்ச பசங்க, நல்லா வாசிக்கிற ஆனா ஆட்டம் தெரியாத பசங்கள விட நல்லா புரிஞ்சுகிட்டாங்க. ஃபாலோ ஆன்னா என்னனு தெரியாதவர் கிரிக்கெட் டெஸ்ட் மேட்ச் செய்திய படிக்கிற மாதிரி தான், தமிழ் எவ்ளோ சரளமா வந்தாலும் பாதி உள்ள போகாது.

உடனே மனப்பாடம் பண்ணி வாந்தி எடுக்கற சிஸ்டத்துக்கு வக்காலத்து வாங்கறேன்னு சண்டைக்கு வராதீங்க. கொஸ்டின் பேங்க்ல இருக்கற அஞ்சு மார்க் பதில கமா கூட மாறாம எழுத சொல்றது எனக்கும் பிடிக்காது. நான் பிள்ளைங்க கிட்ட வெறும் அவுட்லைன் மேப் குடுத்து ஆறு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுனு பென்சில்ல போட சொல்வேன், அவ்ளோ தான்.

   

சரி, உங்க பிள்ளை விஷயம். நாளைக்கு டெஸ்டுக்கு லிஸ்ட ஒப்பிக்க வெக்காம ஒரு மேப்ப விரிச்சு வெச்சு உங்க வீட்டு தெருல விழற மழை எந்த வழியா கடலுக்கு போகுதுனு கோடு போட சொல்லுங்க. சென்னைல இருந்தீங்கனா, எந்த வழினு மேப்ல தேடும்போதே அடையார், கூவம், கொசஸ்தலை மூணும் கண்ணுல பட்டுடும்.