கேப்பசிட்டபின் மாத்திரையைப் பொடித்துத் தரலாமா?

வணக்கம். ஏற்காட்டில் இருக்கும் உங்கள் அம்மாவால் கேப்பசிட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரையை விழுங்க முடியவில்லை என்றும், பொடித்துக் கஞ்சியில் கலந்து தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பொடிக்க வேண்டாம்; அப்போது எழும் தூசு வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும், குறிப்பாகக் கர்ப்பிணியான உங்கள் அண்ணிக்கும், தீங்கு செய்யக்கூடும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் முழு மாத்திரையாகத் தண்ணீருடன் தர வேண்டும்; அப்படியும் இறங்காவிட்டால், மருந்தை எழுதிய புற்றுநோய் மருத்துவரிடமே மாற்று வழி கேளுங்கள். நேற்றிரவு விட்டுப்போன வேளைக்காக இன்று இரட்டிப்பாகத் தர வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட வயிற்றுப்போக்குதான். வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 4 முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலும், இரவில் எழுந்து போக நேர்ந்தாலும், வாய் புண்ணாகி உண்ண முடியாமற்போனாலும், அடுத்த வேளையைத் தராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்காமல், நள்ளிரவானாலும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டையையும் மருந்துச்சீட்டையும் கையோடு கொண்டுபோய், புற்றுநோய் மருந்து எடுத்துவருகிறார் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.