ஐபேட் வாங்கும் முன் அந்தக் காகிதத்தைப் பாருங்கள்

வணக்கம் அம்மா,

சனிக்கிழமை மகனோடு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்திருந்தீர்கள். "ஆப் மாத்திக்கிட்டே இருக்கான் சார், வேலை மட்டும் முடிய மாட்டேங்குது. ஐபேட் வாங்கிக் கொடுத்தா சரியாயிடுமா?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

நீங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் தம்பி தன் போனைக் காட்டினான். குறிப்பும் திட்டமும் எழுதி வைக்கும் நோஷன் ஆப்பில் அழகான முகப்பு. மேலே மலைப் படம், பாடத்துக்கு ஒரு நிறம், இலக்குகள், பழக்கங்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். பாதிக்கு மேல் காலி. கடைசியாக அதில் எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்புறம் பேனா எடுக்கப் பென்சில் பையைத் திறந்தபோது நான்காக மடித்த ஒரு காகிதம் விழுந்தது. "வேதியியல் ரிப்போர்ட், 3ஆம் கேள்வி. மூவெட் (பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) பதிவு. குரூப் வேலை, யார் என்ன?" முதல் இரண்டு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. கேட்டேன். "சும்மா சார், தினமும் பஸ்ல எழுதுவேன்" என்று அவசரமாக மடித்து உள்ளே வைத்தான்.

அவன் மறைக்கப் பார்த்த அந்தக் காகிதம்தான் அம்மா, அவனிடம் இருப்பதிலேயே ஒழுங்காக வேலை செய்யும் கருவி. அதைத் தூக்கிப் போட வைக்காமல், அது எங்கே போதவில்லை என்று மட்டும் பார்ப்போம்.

இன்றைய வேலையை அந்தக் காகிதம் பிடித்துக்கொள்கிறது. ஐந்து வாரம் கழித்து வருவதைப் பிடிப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று தவணைகளாக நடப்பதால், ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று தேர்வு, நடுவே இடுபணிகள். ஆசிரியர் ஒரு தேதியை டெலிகிராமில் போடுகிறார், இன்னொன்று கூகுள் கிளாஸ்ரூமில் வருகிறது, மூன்றாவது கரும்பலகையோடு போய்விடுகிறது. அவன் தவறவிட்ட வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாமே இப்படி முன்கூட்டியே சொல்லப்பட்டவை. சோம்பேறித்தனம் என்று நீங்கள் நினைத்தது பெரும்பாலும் இதுதான்.

தேதி, வேலை, குறிப்பு மூன்றும் வேறு வேறு. ஒரே ஆப்பில் மூன்றையும் திணிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு மாணவியின் யு.பி.யு. (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பக் கடைசி நாளைச் சந்திப்புக் குறிப்புகளுக்கு நடுவே எழுதி வைத்திருந்தேன். நோட்டைத் தற்செயலாகப் புரட்டியபோது இரண்டே நாள் இருந்தது. அன்றிலிருந்து தேதி என்றால் காலண்டர்தான், வேறெங்கும் எழுதுவதில்லை.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது இது. தேதி காதில் விழுந்த உடனே கூகுள் காலண்டரில் போடட்டும். ஒரு வாரம் முன்னால் நினைவூட்டும்படி வைக்கட்டும். அன்றாட வேலைக்குக் காகிதமே போதும். போனில்தான் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் டு டூ என்ற வேலைப் பட்டியல் ஆப் அவனுக்குப் பொருந்தும், இலவசம்தான். அதில் 'மை டே' என்ற பட்டியல் ஒவ்வொரு நாளும் காலியாகத் தொடங்கும். இன்றைக்கு என்ன என்று காலையில் புதிதாக யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஸ்ஸில் அவன் செய்வதும் அதேதானே!

குறிப்புகளுக்கு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். உயிரியல் படங்களைக் கையால் வரைகிற பிள்ளை அவன். பக்கங்களைப் படம் எடுத்து ஒன்நோட் என்ற குறிப்பு ஆப்பில் பாடவாரியாகப் போட்டு வைத்தால், புத்தகம் வீட்டில் இருந்தாலும் பஸ்ஸில் திருப்பிப் பார்க்கலாம். நோஷன் நல்ல கருவிதான். ஆனால் அது வெறும் மனையைக் கொடுத்து வீட்டை நீயே கட்டிக்கொள் என்கிறது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கட்டிட வேலை எதற்கு? குரூப் வேலைக்கு மட்டும் ட்ரெல்லோ என்ற ஆப்பை வைத்துக்கொள்ளலாம். யார் எதை முடித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எந்த ஆப்பானாலும், எழுதியதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் ஆப்பைப் பலர் ஆசையாக வைத்திருந்தார்கள்; மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி 2020 மே மாதம் மூடிவிட்டது. எவர்நோட் என்ற குறிப்பு ஆப் 2023 இறுதியில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புதான் என்று வரம்பு வைத்தது. ஒன்றரை வருடப் படிப்பை அப்படி ஓரிடத்தில் மாட்டிவிடக் கூடாது.

ஐபேட் இப்போது வேண்டாம். இந்தத் தவணை முடியட்டும். காலண்டர் பழக்கம் நிலைத்து, நோட்டும் படமும் போதவில்லை என்று அவனே காரணம் சொல்லிக் கேட்டால் அப்போது பேசலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் "எழுதினியா, எழுதினியா" என்று கேட்க வேண்டாம். ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். டெலிகிராம், கிளாஸ்ரூம், வாட்ஸ்அப் மூன்றையும் அவன் புரட்டி, விட்டுப்போன தேதிகளைக் காலண்டரில் ஏற்றட்டும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கூட இருந்தால் போதும்.

நான்கு வாரம் கழித்து அவனை அழைத்து வாருங்கள். வரும்போது அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். அடிக்காமல் நின்ற வரிகளை நானும் அவனும் சேர்ந்து பார்க்க வேண்டும்.