முகம் தெரியவில்லை, குரல் தெரிகிறது

கேள்வி (மேலூர் வாசகி): அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதமாகிறது. நன்றாக நடக்கிறார், பேப்பர் படிக்கிறார். நான் எதிரே போய் நின்றால் மட்டும் "யாரும்மா, என்ன வேணும்?" என்கிறார். "அப்பா" என்று கூப்பிட்டதும் "அட, நீயா! வா" என்கிறார். என்னை மறந்துவிட்டாரா?

பதில்: மறக்கவில்லை, அம்மா. மறந்திருந்தால் குரலும் உதவியிருக்காது. பேப்பர் படிப்பதால் கண்புரையையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். உங்களைப் பற்றிய நினைவு பத்திரமாக இருக்கிறது. முகம் வழியாக அதற்குப் போகும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. இதை முகமறியாமை என்பார்கள்.

முகத்தைப் பிரித்தறியும் பகுதி மூளையின் அடிப்புறத்தில், பின்பக்கமாக இருக்கிறது. வலது பக்கத்துக்கே இதில் பெரும்பங்கு. குரலுக்கான பகுதி காதை ஒட்டி உள்ளே, சற்று மேலே. முன்னதற்கு முக்கியமாக மூளையின் பின் தமனியிலிருந்து ரத்தம் வருகிறது, பின்னதற்கு நடுத் தமனியிலிருந்து. அதனால்தான் ஒன்று பழுதானாலும் மற்றது தப்புகிறது. இரண்டு பாதைகளும் 'இவள் என் மகள்' என்ற ஒரே நினைவில் போய்ச் சேர்கின்றன. வலிப்பு நோயாளிகளின் மூளையில் மின்முனை வைத்துப் பார்த்த ஆய்வொன்றில் (2005), ஒரே ஆளின் வெவ்வேறு படங்களுக்கும், எழுதிக் காட்டிய பெயருக்கும்கூடத் துடித்த நரம்பணுக்கள் கிடைத்தன.

உறுதிசெய்ய ஒரு முறை சோதியுங்கள். கொலுசு, வளையல், தலையில் மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம். அவர் பார்த்திராத சேலை கட்டிக்கொண்டு பேசாமல் எதிரே நில்லுங்கள். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்: கொலுசுச் சத்தத்திலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார், முகம் தெரிவதாக நாம் நினைத்துக்கொள்வோம். பிறகு முதுகுப்பக்கமிருந்து கூப்பிடுங்கள். "நான் யாரு, சொல்லுங்க" என்று தினமும் பரீட்சை வைக்காதீர்கள். அவர் கூனிக்குறுகிப் போவார்.

வாசற்படியிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் பெயரையும் உறவையும் சொல்லட்டும். சித்திரைத் திருவிழாவுக்கு அழைத்துப் போனால் கையை விடாதீர்கள். கூட்டத்தில் முகம் உதவாது, கொட்டுச் சத்தத்தில் உங்கள் குரலும் அமுங்கிவிடும்.

"முகம் என் மகள் முகம்தான், ஆனால் ஆள் வேறு" என்று சொன்னால் அது வேறு கோளாறு. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தெரிந்தவர்களைத் திடீரென்று புதிதாக அடையாளம் தெரியாமல் போனால் அது இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.