டிப்ஸ்டிக் வழியாகவா, அடியிலிருந்தா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். இஞ்சின் ஆயிலை வீட்டிலேயே மாற்றிப் பார்க்க ஆசை. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் போல்ட்டைக் கழற்றினால்தான் முழுசாக இறங்கும் என்கிறார் மச்சான். ஒரு பம்ப் வாங்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் போகும் ஓட்டை வழியாக உறிஞ்சிவிடு, குனியவே வேண்டாம் என்கிறார் நண்பர். எங்கள் தெரு குறுகல், வாசலும் சரிவு. எதைக் கேட்பது?"

இரண்டு பேரையும் விடுங்கள். முதலில் உங்கள் வண்டியில் ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

பம்ப் முறை ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. படகு இஞ்சினுக்கு அடியில் கை போகாது. அங்கே உறிஞ்சி எடுப்பதுதான் வழக்கம். ஃபில்டர் மேலேயே இருக்கும் சில ஐரோப்பிய கார்களுக்கும் இது நன்றாகவே பொருந்தும். ஆனால் நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் இஞ்சினின் கீழ்ப்பக்கம் ஒளிந்திருக்கும். அதைக் கழற்ற எப்படியும் அடியில் போயாக வேண்டும். போன பிறகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் போல்ட்டை விட்டுவிட்டு மேலே வந்து பம்ப் அடிப்பானேன்? ஃபில்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றலாமே என்று கேட்பீர்கள். குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே மாட்டிக்கொள்வது போலத்தான் அது.

இன்னொன்று, இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு சம்ப் என்று பெயர். சில வண்டிகளில் பம்ப்பின் குழாய் அதன் அடிவரை போகாது. பழைய வண்டி என்றால் கசடு தங்குவதும் அங்கேதான். பம்ப்தான் என்று முடிவு செய்தால், வெளியே வந்த ஆயிலை அளந்து பாருங்கள். சின்ன பெட்ரோல் இஞ்சினுக்குச் சுமார் 3 லிட்டர் பிடிக்கும். சரியான அளவும் கிரேடும் மேனுவலில் இருக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாகக் காட்டிய வண்டியிலிருந்து இரண்டு லிட்டர்தான் வந்தது என்றால் மிச்சம் உள்ளேயே இருக்கிறது.

ஆக, உங்கள் வண்டிக்கு மச்சான் சொல்வதுதான் சரிப்படும். ஆனால் அவர் சொன்ன ஜாக்கி மட்டும் போதாது. டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு வையுங்கள், அல்லது முன் சக்கரங்களை ஏற்றும் ராம்ப் வாங்குங்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கவே கூடாது, சொல்லாமல் நொறுங்கும். சரிவான வாசலும் வேண்டாம். தெரிந்தவர் வீட்டு ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கேட்டுப் பாருங்கள். மே மாதத் தார் ரோட்டில் ஸ்டாண்டின் கால் புதையும், கீழே தடிமனான பலகை போடுங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரத்துக்குக் கட்டை, மூன்றும் வேண்டும்.

வண்டியைத் தூக்கும் முன்பே இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் இளகி வரும், கொதித்தால் கை வேகும். கழற்றப் போவது சம்ப்பின் போல்ட்தானா என்று இரண்டு முறை பாருங்கள். பக்கத்திலேயே கியர்பாக்ஸுக்கும் ஒன்று இருக்கும். அதைத் திறந்து கியர் ஆயிலைக் கொட்டியவர்கள் உண்டு. திரும்ப மாட்டும்போது புது வாஷர் போடுங்கள். முதலில் கையாலேயே மரையேற்றுங்கள். அலுமினிய சம்ப்பில் ஆத்திரத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ஃபில்டர் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். தொழில் பழகிய நாளில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதிதை மாட்டினேன். ஸ்டார்ட் செய்த சில நொடியில் புது ஆயில் பீய்ச்சியடித்தது. தரையெல்லாம் மரத்தூள் போட்டுக் கூட்டி முடிக்க மத்தியானம் ஆனது. அன்றிலிருந்து கழற்றிய ஃபில்டரைத் திருப்பி வளையம் அதில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை. புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும்.

போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும், சின்னக் கைப்பிடியைத் திருகினால் ஆயில் இறங்கும் வால்வு என்று மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. சில வண்டிகளில் அது சம்ப்புக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். நம் ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்தால் நான் மாட்ட மாட்டேன்.

புது ஆயில் ஊற்றும்போது அளவை டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் மறுபடி பாருங்கள். கூடினாலும் கெடுதல்தான், இஞ்சினுக்குள் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

அப்புறம் அந்தக் கறுப்பு ஆயில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்த ஊர் இது, கால்வாயில் ஊற்றாதீர்கள். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, மேலே 'பழசு' என்று எழுதி, கழிவு ஆயிலைச் சேர்த்து வைத்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். காலி கேன் போலி ஆயில் அடைப்பவர் கைக்குப் போகாமலும் இருக்கும்.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.