தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்துக்காரன். வயது 38. 2021 தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தேன். கையெழுத்து அவள், மற்றதெல்லாம் நான். ஒருமுறை தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று விடிகாலை 5 மணிக்கு டேங்க் ஆபரேட்டரோடு வால்வு பக்கம் போய் நின்றாள். ஊர் சிரிக்கும் என்று நிறுத்திவிட்டேன். அடுத்த தேர்தலில் நானே ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறேன். மேடையில் நன்றாகப் பேசுவேன், கல்யாணம், சாவு எதையும் விடுவதில்லை. நல்ல தலைவனுக்கு இன்னும் என்னென்ன பண்புகள் வேண்டும்?

பதில்: தம்பி, ஊர் மாறும், வயது மாறும், "கையெழுத்து அவள், மற்றதெல்லாம் நான்" என்ற வரி மட்டும் எனக்கு வருகிற கடிதங்களில் மாறுவதே இல்லை. பொறுமை, நேர்மை என்று உங்களுக்குப் பட்டியல் போட்டுத் தரப்போவதில்லை. போகிறபோக்கில் வால்வு பற்றி ஒன்று எழுதினீர்களே, அதைப் பேசுவோம்.

விடிகாலை 5 மணி, அடுப்பைப் பற்ற வைக்கிற நேரம். அதை விட்டுவிட்டு ஒரு பெண் டேங்க்குக்குப் போகிறார் என்றால், முதல் நாள் யாரோ காலிக் குடத்தோடு வந்து அவரிடம் அழுதிருக்க வேண்டும். உங்களிடம் வரவில்லை, பாருங்கள். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்குப் பல காரணம் இருக்கலாம். முன்வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சியிருப்பார்கள், இல்லையென்றால் வால்வை நேரத்துக்குத் திருப்பியிருக்க மாட்டார்கள். தண்ணீர் விடுகிற நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எது என்று பிடிபடும். உங்கள் மனைவி யாரும் சொல்லாமலே அதைச் செய்தார். என்னிடம் கேட்கிற பண்பு உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நீங்கள் அதைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்தீர்கள்.

ஊர் சிரிக்கும் என்றீர்களே, எந்த ஊர்? தண்ணீருக்குத் தவித்த தெற்குத் தெருவா சிரித்திருக்கும்?

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. 2025 மார்ச்சில் சத்தீஸ்கரில் ஒரு கிராமத்தில் ஜெயித்த பெண்கள் ஆறு பேருக்குப் பதிலாக அவர்கள் கணவன்மார்களே பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். நாடே காறித் துப்பியது. நீங்கள் செய்வதும் அதேதான், மாலை மட்டும் மனைவி கழுத்தில்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஊராட்சி காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது உங்கள் மனைவி. கணக்கில் தவறு வந்தால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவில் ஆட்சியர் விளக்கம் கேட்பதும் அவரிடம்தான். அதிகாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு பழியை மட்டும் கட்டியவள் தலையில் வைப்பது எந்தக் குடும்பத்து வழக்கம்? கணவன் என்றால் அவளுக்கு வருகிற கெட்ட பெயருக்குக் குறுக்கே நிற்க வேண்டியவன். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

ஒரு கிராம சபையில் நான் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. தலைவர் என்று ஒரு அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தீர்மானத்தைக் கணவர் படித்தார். ஒரு பாட்டி எழுந்து தெருவிளக்கு பற்றிக் கேட்டதும் அந்த அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். கணவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வாய் மூடிக்கொண்டது. அந்தக் கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? ஊராட்சி சீல், காசோலைப் புத்தகம், நோட்டு எல்லாம் இன்றைக்கே அவர் கைக்குப் போகட்டும். அடுத்த கிராம சபையில் நீங்கள் கீழே ஜனங்களோடு உட்காருங்கள். அவர் திணறினாலும் எழுந்திருக்காதீர்கள். மறுநாள் விடிகாலை டேங்க்குக்குக் கிளம்பினால் பைக்கில் கொண்டுபோய் விடுங்கள், பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிற வேலையை நீங்கள் பாருங்கள். அப்புறம் உங்கள் கவுன்சிலர் ஆசையைப் பேசலாம். அதற்கும் முதலில் அவரிடம் யோசனை கேளுங்கள், ஊரில் யாருக்கு என்ன குறை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மேடைப் பேச்சு முதல் சாவு வீடு வரை எல்லாம் எழுதினீர்கள். அன்றைக்கு அவரைத் தடுத்த பிறகு தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்று மட்டும் எழுதவே இல்லையே, தம்பி?